அடுப்பு யாருடையது?

"பசியாறியாச்சா?" மலேசியத் தமிழர்கள் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் கேட்பது இதைத்தான். காலை உணவுக்குப் 'பசியாறுதல்' என்று பெயர் வைத்த சமுதாயம் இது. விடியுமுன் எழுந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால்மரக் காட்டுக்குள் நுழைந்தவர்களுக்குப் பசி என்பது ஏட்டில் படித்த சொல் அல்ல. அதனால்தான் அந்தக் கேள்வி இன்றுவரை வணக்கத்தைப் போல் வாயில் வருகிறது.

அந்தப் பசியை ஆற்றிய அடுப்பு யாருடையது? அதில் வெந்த அரிசி எங்கிருந்து வந்தது? அடுப்பின் மீது அதிகாரம் யாருக்கு இருந்தது? இந்தக் கேள்விகளை இன்று எழுப்பக் காரணம் உண்டு. ஊரிலேயே விளைந்ததை வாங்கி, ஊர்ப் பெண்களே சமைத்து, வருகிற பணம் ஊருக்குள்ளேயே தங்கும் உணவகம் ஒன்று பத்தாங் பெர்ஜுந்தாய் போன்ற ஊரில் நிலைக்குமா? நல்ல யோசனை என்று பலரும் தலையாட்டுவார்கள். ஆனால் வரலாற்றைப் பார்க்காமல் அடுப்பு மூட்டினால் ஆறு மாதத்தில் அணைந்துவிடும்.

இறக்குமதி அரிசி, ஏற்றுமதி ரப்பர்

சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை மாறியது. பழைய தோட்டத்து மக்களின் வாயில் பழைய பெயர்தான் இன்னமும் நிற்கிறது. ஈயமும் ரப்பரும் வளர்த்த ஊர் அது. இன்று செம்பனை சூழ்ந்த ஊர்.

அந்தச் செம்பனையின் கதையே இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1917-இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை இந்த வட்டாரத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் நட்டார். பின்னாளில் அவர் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கொன்கூர் பரிசையும் பெற்றார். தோட்டத்தின் பெயரைக் கவனியுங்கள். தென்னமரம்! தமிழ்ப் பெயர் தாங்கிய மண்ணில்தான் உலகச் சந்தைக்கான எண்ணெய்ப் பனை முதலில் வேர் பிடித்தது. இன்றும் அந்தத் தோட்டத்தின் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

ஆனால் அந்த மண்ணில் உழைத்தவர்களின் தட்டில் விழுந்த சோறு அந்த மண்ணில் விளைந்ததல்ல. மலாயாவுக்குத் தேவைப்பட்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம், இந்தோசீனாவிலிருந்து கப்பலில் வந்தது. தோட்டத் தமிழர்கள் உண்டது பெரும்பாலும் ரங்கூன் அரிசி. வெள்ளைக்காரத் துரைமார்களின் கணக்கு எளிமையானது. நிலம் முழுவதும் ரப்பர் நடு. ரப்பரை விற்ற பணத்தில் அரிசி வாங்கு. தொழிலாளியின் கூலியில் அதைக் கழித்துக்கொள்.

1920-களின் இறுதியில் தோட்டத்து ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அதுவும் வெட்டப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். தோட்டத்துக் கடையில் பற்று வைத்து அரிசி வாங்கி, சம்பள நாளில் கணக்குத் தீர்த்து, மறுநாளே மறுபடி பற்று வைத்தவர்களுக்கு அடுப்பு சொந்தம்தான். ஆனால் அடுப்பில் ஏறிய உலை இன்னொருவர் கையில் இருந்தது.

பதினாறில் ஒரு பங்கு

இந்த நிலையில் தொழிலாளிக்கு இருந்த ஒரே பிடிமானம் லயத்துக்குப் பின்னால் இருந்த கொல்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிர் வைத்துக்கொள்ள ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அதாவது ஏறக்குறைய 2,700 சதுர அடி. சட்டத்தில் இருந்த அளவு எல்லாத் தோட்டங்களிலும் தரையில் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் கிடைத்த இடத்தில் நம் பெண்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம்.

முருங்கை நட்டார்கள். கறிவேப்பிலை வைத்தார்கள். தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, வாழை, மரவள்ளி என்று அந்தச் சின்ன நிலத்தில் ஒரு சந்தையையே வளர்த்தார்கள். பால்மரம் வெட்டுவது பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும் வேலை. பிற்பகல் கொல்லைக்கு ஆனது. பலர் மாடு வளர்த்தார்கள். பாலும் தயிரும் வீட்டுக்குப் போக மீதி விற்பனைக்குப் போனது. கூலிக் கணக்கில் வராத, கிராணியின் புத்தகத்தில் ஏறாத வருமானம் அது. பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்த வருமானமும் அதுதான்.

அந்தக் கொல்லையின் அருமை ஜப்பானியர் காலத்தில் தெரிந்தது. 1942-இல் பர்மாவிலிருந்து அரிசிக் கப்பல் வருவது நின்றது. ரப்பருக்கும் சந்தை இல்லை. மரவள்ளியும் சக்கரவள்ளியும் கேழ்வரகும் உயிரைப் பிடித்து வைத்தன. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களைக் கொண்டுபோய்விட்ட வீடுகளில், மண்ணைக் கிளறி எடுத்த கிழங்கைக் கொண்டுதான் தாய்மார்கள் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். மரவள்ளி என்றாலே முகம் சுளித்த பெரியவர்கள் உண்டு. சுவை பிடிக்காததால் அல்ல, அந்த நாட்கள் நினைவுக்கு வந்ததால்.

'உள்ளூர் உணவு' என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தத் தலைமுறைக்கு உள்ளூர் உணவு என்பது வேறு வழியில்லாத உணவு. இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

உத்தரவில் எரிந்த பொது அடுப்பு

பொதுச் சமையல் என்பதும் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அது வந்த விதம் வேறு.

1948 முதல் 1960 வரை அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்பதற்காக அரசு உணவுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. அரிசிப் பங்கீடு குறைந்தது. வீட்டைவிட்டு வேலைக்குப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் எடுத்துப்போகத் தடை. கடையில் டின் உணவு வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள், பதுக்கி வைக்க முடியாதபடி. 1950-களின் பிற்பகுதியில் சில பகுதிகளில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். வீட்டில் பச்சை அரிசி இருக்கவே கூடாது என்று, ஊருக்கெல்லாம் ஒரே இடத்தில் சோறாக்கி, வெந்த சோற்றையே அளந்து கொடுத்தார்கள். வெந்த சோறு இரண்டாம் நாள் கெட்டுவிடும் அல்லவா? அதுதான் திட்டம்.

அதுவும் பொது அடுப்புதான். ஊரே ஒரே உலையில் உண்டது. அதை யாராவது சமுதாய உணவகம் என்று சொல்வார்களா? அடுப்பின் மேல் அதிகாரம் இல்லாத இடத்தில் பொதுச் சமையல் என்பது இன்னொரு வேலி. அதனால்தான் அடுப்பு யாருடையது என்ற கேள்வியை விடாமல் கேட்க வேண்டியிருக்கிறது.

லயம் போனது, கொல்லையும் போனது

சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கின. தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பங்குப் பணத்தில், மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. உழைக்கிறவனே உரிமையாளன் ஆகலாம் என்று காட்டிய முயற்சி அது. அடுப்புக்கும் அதே பாடம் பொருந்தும்.

ஆனால் எல்லாத் தோட்டங்களையும் சங்கம் வாங்கிவிட முடியவில்லை. ரப்பர் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்குக் குறைந்த ஆள் போதும். பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நகரம் நெருங்க நெருங்க நிலத்தின் விலை ஏறியது. பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடினார்கள். அந்த நீண்ட காத்திருப்புக்குப் பிறகு 245 குடும்பங்களுக்குத் தரைவீடுகள் கட்டும் திட்டம் 2023-இல் தொடங்கி வைக்கப்பட்டது.

நாட்டின் பல இடங்களில் தோட்டத்து மக்கள் லயத்தைவிட்டு அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் போனார்கள். நல்ல வீடு கிடைத்தது, குழாய்த் தண்ணீர் கிடைத்தது. கொல்லை மட்டும் கூட வரவில்லை. முருங்கைக் கீரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை வந்தது. மாடு போனது. இதை யாரும் இழப்புக் கணக்கில் எழுதவில்லை. நஷ்டஈடு பேசியபோது வீட்டைப் பற்றியும் வேலை செய்த ஆண்டுகளைப் பற்றியும் பேசினார்கள். பெண்கள் நாற்பது ஆண்டு பாடுபட்டு வளமாக்கிய கொல்லை மண்ணுக்கு விலை போட்டவர்கள் மிகக் குறைவு.

தர்மத்தின் அடுப்பு, அரசின் அடுப்பு

இனி, தமிழர் வரலாற்றில் ஊருக்காக மூட்டிய அடுப்புகளைப் பார்ப்போம்.

முதலில் வடலூர். 1867 மே 23-இல் இராமலிங்க அடிகளார் அங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஊர் மக்கள் கொடுத்த நிலத்தில், மக்கள் கொண்டுவந்து தரும் அரிசியிலும் காய்கறியிலும் அது நடக்கிறது. சாதி, மதம் கேட்காமல் பசித்தவருக்குச் சோறு. பஞ்சங்கள் தமிழ்நாட்டை வாட்டிய நூற்றாண்டில் இது எத்தனை பெரிய காரியம்!

மலேசியாவிலேயே இதன் சாயலில் ஒன்று உண்டு. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி தொடங்கிய நுண்கலைக் கோயிலோடு இணைந்து, 1980-களில் கோலாலம்பூரில் பிறந்தது அன்னலட்சுமி உணவகம். வேண்டியதை உண்ணுங்கள், மனம் விரும்பியதைக் கொடுங்கள் என்பதே அதன் கொள்கை. தொண்டர்கள் சமைத்தார்கள், பரிமாறினார்கள். பின்னர் சிங்கப்பூர், கோயம்புத்தூர், ஆஸ்திரேலியாவின் பெர்த் என்று அது பரவியது.

அடுத்தது அரசின் அடுப்பு. 2013-இல் சென்னை மாநகராட்சி அம்மா உணவகங்களைத் திறந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டார்கள். கூலித் தொழிலாளி வயிறு நிறைய உண்டார். ஆனால் அந்த விலையில் நட்டம் வரத்தான் செய்யும். அதை அரசுப் பணம் ஈடுகட்டியது. பணம் குறைந்தால் அடுப்பும் தணியும்.

தர்மம் பெரிது. அரசின் உதவியும் பெரிது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டிலும் உண்கிறவர் ஒரு பக்கம், கொடுக்கிறவர் ஒரு பக்கம். சமைக்கிற பெண் ஒன்று தொண்டராக இருக்கிறார், அல்லது சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார். உரிமையாளராக இல்லை.

வன்னியில் மூட்டிய அடுப்பு

மூன்றாவது வகையைப் பார்க்க இலங்கையின் வடக்கே போக வேண்டும்.

2009 மே மாதம் போர் முடிந்தபோது வன்னியில் வீடு இல்லை, கிணறு இல்லை, பல வீடுகளில் குடும்பத் தலைவரும் இல்லை. பல்லாயிரம் பெண்கள் தனியே குடும்பம் நடத்த வேண்டியிருந்தது. நிவாரணப் பொட்டலம் எத்தனை நாளைக்கு வரும்? தையல் இயந்திரம் கொடுத்தார்கள், கோழிக்குஞ்சு கொடுத்தார்கள். வாங்குகிறவர் இல்லாத இடத்தில் தைத்து என்ன பயன்?

2013 முதல் 2018 வரை இயங்கிய வடமாகாண சபையின் காலத்தில், மாகாண விவசாயத் துறையின் முயற்சியில் 'அம்மாச்சி' உணவகங்கள் தோன்றின. அம்மாச்சி என்றால் பாட்டி. தெற்கே சிங்களப் பகுதிகளில் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் நடந்துவந்த பெண்களின் உணவகங்களின் தமிழ் வடிவம் இது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று மக்கள் வந்துபோகும் இடங்களில் திறக்கப்பட்டன.

இதன் அமைப்பைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். கட்டடத்தை அரசு கொடுத்தது. பயிற்சி கொடுத்தது. சுத்தத்தையும் விலையையும் கண்காணிக்கிறது. ஆனால் அடுப்படியில் நிற்கும் பெண்கள் அரசு ஊழியர்கள் அல்லர். தாங்களே பொருள் வாங்கி, வாடிக்கையாளர் கண்முன்னே சமைத்து, விற்ற பணத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் தோசை போடுவார். பக்கத்தில் ஒருவர் குரக்கன் பிட்டு அவிப்பார். இன்னொருவர் உளுந்து வடை சுடுவார். அடுத்தவர் இலைக்கஞ்சி காய்ச்சுவார். குரக்கன் என்பது நமது கேழ்வரகு. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் அங்கே உணவாகிறது. பக்கத்து வயலிலும் தோட்டத்திலும் பனங்காட்டிலும் கிடைப்பதுதான் பட்டியலில் முன்னே நிற்கிறது.

விலை குறைவு. எப்படி முடிகிறது? பெரிய வாடகை இல்லை. இடைத்தரகர் இல்லை. இறக்குமதிப் பொருள் குறைவு. முதலாளிக்குப் பிரித்துக் கொடுக்க இலாபப் பங்கு இல்லை. இங்கே அரசுப் பணம் இட்லி விலையில் போகவில்லை, கூரையில் போனது. ஒருமுறை கூரை போட்டுவிட்டால் அது நிற்கும். அலுவலகத்துக்குப் போகிறவரும் பேருந்துக்கு நிற்கிறவரும் இரக்கப்பட்டு அங்கே நுழையவில்லை. ருசிக்காக நுழைந்தார்கள். போரில் எல்லாம் இழந்த ஒரு பெண், கையேந்தாமல், தன் கைப்பக்குவத்துக்கு விலை சொல்லி நிற்கிறார். அம்மாச்சியின் வெற்றி அதில்தான் இருக்கிறது.

பத்தாங் பெர்ஜுந்தாயில் நடக்குமா?

மீண்டும் ஊருக்கு வருவோம். பொருளுக்குப் பஞ்சம் இல்லாத வட்டாரம் இது. தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் விளையும் நெல் சிலாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கியது. கோலசிலாங்கூர் ஆற்றுமுகத்தில் மீனும் இறாலும் இறங்குகின்றன. வாடிக்கையாளருக்கும் பஞ்சமில்லை. 1999-இல் நிறுவப்பட்ட சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்கள் இந்த மாவட்டத்தைத் தேடித்தான் வருகிறார்கள். கைப்பக்குவம் தெரிந்த பெண்களும் இருக்கிறார்கள்.

இல்லாதது இரண்டு. ஒன்று கூரை. இன்னொன்று கொல்லை.

கூரை இல்லாததால் தோட்டத்துப் பெண்கள் காலைச் சந்தையிலும் சாலையோரத்திலும் மேசை போட்டு இட்லியும் நாசி லெமாக்கும் விற்கிறார்கள். மழை வந்தால் வியாபாரம் போச்சு. லைசென்சு இல்லையென்றால் மேசையும் போச்சு. ஒரு பொதுக் கட்டடம், எட்டுப் பத்து அடுப்பு, குறைந்த வாடகை, முறையான அனுமதி ஆகியவற்றை நகராண்மைக் கழகத்திடம் கேட்கலாம். அரிசி மூட்டை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்ளும் விழாக்களைவிட இது செலவு குறைந்த காரியம்.

கொல்லைதான் கடினம். அம்மாச்சிக்குப் பின்னால் வன்னியின் வயலும் பனையும் இருக்கின்றன. இங்கே சுற்றிலும் செம்பனை. செம்பனைக் குலையைக் கீரையாகக் கடைய முடியாது! வட்டாரத்து நெல்லும் மீனும் கிடைக்கும். ஆனால் முருங்கையும் மணத்தக்காளியும் சந்தையில் வாங்கித்தான் சமைக்க வேண்டும் என்றால், தோட்டத்துச் சமையலின் உயிர் போய்விடும். விலையும் ஏறிவிடும். பிறகு அது இன்னொரு சாதாரணச் சாப்பாட்டுக்கடை. வாடகையும் மளிகையும் போக மீதி நிற்காத கடைகள் எத்தனை மூடிக் கிடக்கின்றன என்பதை எல்லாரும் பார்க்கிறோம்.

ஆகவே வரலாறு சொல்லும் வரிசை இது. முதலில் நிலம். அடுத்து கூரை. அதற்குப் பிறகுதான் அடுப்பு. 1923-இல் காலனி அரசே ஒரு குடும்பத்துக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்று சட்டத்தில் எழுதியது. சுதந்திர நாட்டில் தோட்டத்து மக்களுக்கு வீடு கட்டும்போது, பொதுவாகவாவது ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் கொல்லை நிலம் கேட்பது பேராசையா? 245 குடும்பங்கள் ஒரே இடத்தில் குடியேறும்போது, அவர்களோடு ஒரு பொதுக் காய்கறித் தோட்டமும், அதன் ஓரத்தில் பெண்களே நடத்தும் ஓர் உணவகமும் இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் காலமும் நெருக்குகிறது. எந்தக் கீரையை எந்தப் பருவத்தில் கிள்ளுவது, சுண்டைக்காயின் கசப்பை எப்படி எடுப்பது, மரவள்ளியை எப்படிப் பதமாக அவிப்பது என்று தெரிந்த லயத்துத் தாய்மார்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களின் பேத்திகளுக்குச் சொந்தத் தொழில் வேண்டும். பாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்க இடம் வேண்டும். ஜப்பானியர் காலத்தில் உயிரைக் காத்த கிழங்கு, அவசரகாலத்தில் பறிபோன அடுப்பு, தோட்டம் விற்றபோது கைவிட்டுப் போன கொல்லை எல்லாம் அந்தப் பாட்டிகளின் நினைவில் இருக்கின்றன.

கட்சிக் கூட்டத்திலும் கோயில் கூட்டத்திலும் அடுத்த முறை உதவி கேட்டு மனு எழுதும்போது, அன்னதானத்துக்கு அரிசி என்று எழுதும் இடத்தில், கொல்லைக்கு நிலம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அதில் பெண்களின் கையெழுத்து முதலில் இருக்கட்டும்.